அது கோரை இல்லை, வைக்கோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஜப்பானியச் சமையலறைப் பொருட்கள் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் பெரிதாக ஒரு படம், வட்டமாகப் பின்னிய பாத்திர மணையின் மேல் இரும்புக் கெட்டில் உட்கார்ந்திருக்கிறதே, அதற்குக் கீழே "கோரைப்புல்லில் பின்னியது" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அது கோரை இல்லை ஐயா, வைக்கோல். நெல் அறுத்த பிறகு மிஞ்சுமே, அதே வைக்கோல். நான் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடைக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவள், கோரை எது வைக்கோல் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். கோரையில் கணு இருக்காது, வழவழவென்று ஒரே நீளமாகப் போகும். உங்கள் படத்தில் கணுக்கள் வரிசையாகத் தெரிகின்றன.

ஜப்பானில் கோரை மாதிரி ஒன்று உண்டுதான். இகுசா என்பார்கள், வீட்டுத் தரையில் போடும் ததாமி பாயின் மேல்விரிப்பு அதில்தான் நெய்கிறார்கள். அந்தப் பாயைப் புரட்டிப் பார்த்தால் பழைய முறையில் செய்ததாக இருந்தால் உள்ளே கெட்டியாக வைக்கோலை அடுக்கி அழுத்தித் தைத்திருப்பார்கள். மேலே தெரிவது கோரை, தாங்குவது வைக்கோல். கட்டுரையாளர் அங்கேதான் குழம்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இவளுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்பீர்கள். என் மகள் கல்யாணமாகி நீகாட்டா மாகாணத்தில் ஊவோனுமா பக்கம் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஒரு குளிர்காலம், அவன் நடக்க ஆரம்பித்தபோது இன்னொரு குளிர்காலம், இரண்டு தடவை போய் இருந்துவிட்டு வந்தேன். ஜப்பானிலேயே பேர்போன அரிசி விளைகிற இடம் அது, ஜப்பானிலேயே அதிகப் பனி கொட்டுகிற இடங்களில் ஒன்றும் அதுதான். சன்னலுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மேல் பனி நிற்கும்போது ஒரு அம்பாசமுத்திரத்துக்காரி வேறென்ன செய்வாள், அடுப்படியில்தான் இருந்தேன்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் காலை மண்சட்டியில் கஞ்சி கொதித்ததும் இறக்கி எங்கே வைக்க என்று திரும்பினேன். மகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து மேசையில் போட்டாள். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கத்திவிட்டேன், "ஏட்டி, இது பிரிமணைல்லா!" அவள் சிரித்தபடி, "இதுக்குப் பேரு நாபெஷிகிம்மா" என்றாள். நாபெ என்றால் சட்டி, ஷிகி என்றால் அடியில் விரிப்பது. அவளுக்குப் பிரிமணை என்ற சொல்லே தெரியவில்லை, எங்கள் வீட்டில் அவள் பிறப்பதற்கு முன்பே எவர்சில்வர் வந்து எல்லாப் பாத்திரத்துக்கும் அடி தட்டையாகிவிட்டது. என் ஆச்சி காலத்தில் உருண்டை அடிப் பானை உருளாமல் நிற்க வைக்கோல் பிரியை வளையமாகச் சுற்றி வைப்பார்கள், அதுதான் பிரிமணை, வேறொன்றுமில்லை. அங்கேயும் பழைய இரும்புச் சோற்றுப் பானைக்கு, காமா என்பார்கள், அடி உருண்டுதான் இருக்கும், அதற்கு நடுவில் ஓட்டை விட்டுத் தடித்த வளையமாகச் செய்கிறார்கள். தட்டை அடிச் சட்டிக்கும் கெட்டிலுக்கும் நடு மூடிய வட்டம். சிலது பூ மாதிரி இதழ் இதழாக மடித்து வரும், சிலது சடை பின்னிச் சுருட்டியது.

கொதிக்கும் சட்டியை வைத்தால் கருகாதா என்று என் சம்பந்தி அம்மாள் போனில் கேட்டாள். கருகவில்லை. நெல்தாள் உள்ளே குழல், அந்தக் குழலுக்குள் காற்று அடைந்திருக்கிறது, சூடு கீழே இறங்காது. போதாததற்கு நெல்தாளில் மணல்சத்து, சிலிக்கா என்பார்களே, அது மற்றப் பயிர்களைவிட நிறைய. வருடக்கணக்கில் வைத்து எடுத்தால் நடுவில் லேசாகப் பழுப்பேறும், அவ்வளவுதான். சட்டி வழுக்குவதும் இல்லை.

சரி, நாபெஷிகி சின்னச் சாமான். உங்கள் கட்டுரை மொத்தமும் அதைச் சுற்றியே நின்றுவிட்டதுதான் எனக்கு வருத்தம். அங்கே வைக்கோல் சமையலறைக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தால் அசந்து போவீர்கள்.

முதலில் சோறு. வடித்ததும், வடித்ததும் என்றால் அவர்கள் வடிப்பதில்லை, தண்ணீர் வற்றவிட்டு எடுப்பது, சோற்றை ஓஹிட்சு என்ற மரத் தொட்டிக்கு மாற்றுவார்கள். மரம் அதிக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பனிக்காலத்தில் அந்தத் தொட்டியைச் சும்மா வைத்தால் சோறு சீக்கிரம் விறைத்துப் போகும். அதனால் தொட்டி கச்சிதமாக உட்காரும்படி வைக்கோலில் ஒரு பெரிய கூடு, அதற்கு வைக்கோலிலேயே மூடி. சுவர் கட்டை விரலைவிடத் தடிமன். காலையில் பொங்கிய சோறு மத்தியானமும் கதகதவென்று இருக்கும். ஊருக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். இதே கூட்டைக் கொஞ்சம் பெரிதாகப் பின்னி அதில் கைக்குழந்தையை உட்கார வைத்துவிட்டு அம்மாக்கள் வயலுக்குப் போவார்களாம், நீகாட்டாவில் அதற்கு ச்சிகுரா, த்சுகுரா என்று பெயர். குழந்தைகளை இப்போது யாரும் அதில் வைப்பதில்லை, அதே மாகாணத்தில் செகிகாவா என்ற கிராமத்தில் பூனைகளுக்காகப் பின்னுகிறார்கள், வாங்குவதற்கு ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். சோற்றுக்கு வைத்திருந்த வீட்டில் இன்று பூனை குடியிருக்கிறது.

சோற்றுக் கூட்டுக்கு வேலை போனது எப்போது என்றால், 1955 டிசம்பரில் தோஷிபா தானாக அணையும் மின்சாரக் குக்கரை விற்பனைக்குக் கொண்டு வந்தது, 1970 வாக்கில் சோற்றைச் சூடாகவே வைத்திருக்கும் மின் பாத்திரமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வைக்கோல் கூட்டை யார் தேடுவார்கள். என் மகள் வீட்டிலும் குக்கர்தான், நானும் அதில்தான் பொங்கினேன், பொய் சொல்லக் கூடாது.

அடுத்து நத்தோ. அந்த நூல் நூலாக இழுக்கும் சோயா மொச்சை, அதன் வாடையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, என் மாப்பிள்ளை தினமும் சாப்பிடுகிறார், அவர் விருப்பம். ஆனால் அந்தப் பண்டம் பிறந்ததே வைக்கோலில்தான். வைக்கோல் தாளில் இயல்பாகவே ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. வைக்கோலைக் கொதிநீரில் போட்டால் மற்றக் கிருமிகள் செத்துப் போகும், இது மட்டும் விதை மாதிரி இறுகி உயிரோடு இருக்கும். வெந்த மொச்சையைச் சூட்டோடு அந்த வைக்கோலில் பொதிந்து ஒரு நாள் கதகதப்பாக வைத்தால் நத்தோ. இரண்டு முனையும் கட்டி நடுவில் மொச்சையை அடைத்த அந்தப் பொட்டலத்துக்கு வாராஸுதோ என்று பெயர், மிதோ நகரம் அதற்குப் பேர்போனது. இதில் வைக்கோல்தான் பாத்திரம், வைக்கோல்தான் உறை, வைக்கோல்தான் உறைமோரும் கூட. இப்படி ஒரு பொருளை "அலங்காரக் கைவினை" என்ற தலைப்பில் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். இப்போது கடையில் விற்பது பெரும்பாலும் தெர்மாகோல் டப்பாவில், தனியாக வளர்த்த கிருமியைத் தூவிச் செய்வது. வைக்கோல் பொட்டலத்தில் வருவதற்கு விலை கூட.

முட்டையை ஐந்தைந்தாக வரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் வைக்கோலை இறுக்கிக் கட்டி, ஏணி மாதிரித் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டு போவது வடக்கே யாமகாத்தா மாகாணத்துப் பழைய வழக்கம். உடையாது, அத்தனை முட்டையும் வெளியே தெரியும். உப்புப் போட்ட சால்மன் மீனை வைக்கோலில் சுற்றி அனுப்புவார்கள். ஒட்டும் அரிசியை அவித்து இடித்த கட்டிகளை வைக்கோல் கயிற்றில் கோத்துக் கூரையடியில் குளிரில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். ஜப்பானின் தெற்கே கோச்சி மாகாணத்தில், நம் கேரளத்துக் கொச்சி இல்லை, இன்னும் ஒருபடி மேலே, நம் பக்கம் மாசிக் கருவாடு போடுகிற அதே சூரை மீனை வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சுவாலையில் மேலாகச் சுட்டுத் துண்டு போடுகிறார்கள், உள்ளே பச்சையாகவே இருக்கும், புகை மணம் மட்டும் தோலில் ஏறியிருக்கும். விறகுத் தீ அதற்குச் சரிப்படாது, வைக்கோல் குபீரென்று எரிந்து சட்டென்று அடங்கும், அந்த வேகம்தான் வேண்டும்.

அரிசி மூட்டையும் வைக்கோல்தான். தவாரா என்று பெயர், வைக்கோல் பாயை உருளையாகச் சுருட்டி, இரண்டு பக்கமும் வட்ட மூடி வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுவது. ஒரு தவாரா 60 கிலோ. மூட்டை போய்க் காகிதப் பை வந்தது, ஆனால் இன்றைக்கும் விவசாயிகள் விளைச்சலைச் சொல்லும்போது இத்தனை மூட்டை என்று அந்த 60 கிலோவை வைத்துத்தான் சொல்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கோட்டை ஞாபகம் வந்தது. திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குத் தெரியும், விதைநெல்லை வைக்கோல் பிரி சுற்றி உருண்டையாகக் கட்டி வைப்போம், அதற்குக் கோட்டை என்று பெயர், 21 மரக்கால் ஒரு கோட்டை என்று அளவும் அதுவே. வைக்கோல் சிப்பம் போய்விட்டது, அளவு மட்டும் வாயில் நிற்கிறது, இரண்டு ஊரிலும். அங்கே அந்த மூட்டையின் வட்ட மூடியைக்கூட வீணாக்குவதில்லை, ஸந்தவாரா என்று பெயர். தொத்தோரி மாகாணத்தில் ஓரிடத்தில் வசந்த காலத்தில் காகிதப் பொம்மைகளை அந்த வட்டத்தில் வைத்து ஆற்றில் விடுகிறார்கள்.

கடிதம் நீள்கிறது, தெரிகிறது. வெட்டுவதானால் மேலே மீன் விஷயத்தை வெட்டுங்கள், கீழே வருவதை வெட்டாதீர்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் வைக்கோல் பின்னச் சொல்லிக் கொடுத்தார்கள். எண்பது தாண்டிய ஒரு தாத்தா, எங்களோடு ஏழெட்டுப் பேர், பாதி பேர் இளம் பெண்கள். எனக்கு மொழி தெரியாது, கை தெரியும் என்று போய் உட்கார்ந்தேன். கை தெரியும் என்று நினைத்ததுதான் தப்பு.

உட்கார்ந்ததும் பின்ன ஆரம்பித்துவிடலாம் என்று பார்த்தால் பின்னுவதற்கு முந்திய வேலைதான் பாதி. முதலில் ஒரு கற்றையை நுனியைப் பிடித்துக்கொண்டு விரலாலோ சீப்பு போன்ற ஒன்றாலோ கோதிக் கோதித் தாளைச் சுற்றியிருக்கும் தோகையை எல்லாம் கழற்ற வேண்டும். அந்தத் தோகைக்கு ஹகாமா என்று பெயர், ஹகாமா என்பது அவர்கள் விழாவுக்கு உடுத்தும் மடிப்பு வைத்த கீழாடை. ஆக, வைக்கோலுக்கு வேட்டியை அவிழ்த்துவிட்டுத்தான் வேலை. பிறகு லேசாகத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கல்லின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். அடி பலமாக விழுந்தால் தாள் கிழியும், மெதுவாக விழுந்தால் கணு விறைத்தே நிற்கும், பின்னும்போது முறியும். ஒரு கையால் அடித்து மறு கையால் கற்றையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், தாத்தா பாட்டுக்கு அடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் மேற்பார்வை பார்த்தார், நான் என் பெருவிரலை அடித்துக்கொண்டேன். அடிக்க அடிக்க அந்தச் சத்தம் மாறும், முதலில் சரசரவென்று இருந்தது மொத்தமொத்தென்று ஆகும், அப்போது நிறுத்தலாம். துணி மாதிரி குழைந்து வரும்.

கயிறு திரிப்பது உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் இரண்டு பிரியாக வைத்து உருட்டுவது, அது நம் ஊர் மாதிரியேதான், அதில் மட்டும் தாத்தா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரே ஒரு தடவை பழக்க தோஷத்தில் எதிர்ப்பக்கம் முறுக்கிவிட்டேன், உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். வீட்டுக் கயிறுக்கு ஒரு திசை, கோயில் வாசலிலும் புத்தாண்டுக்கு வீட்டு வாசலிலும் கட்டும் ஷிமெனாவா என்ற கயிறுக்கு நேர் எதிர்த் திசை. வலம்புரி இடம்புரி என்று சொன்னால் நமக்குப் புரிந்துவிடும், மகள் அதை மொழிபெயர்க்கப் பத்து நிமிடம் தடுமாறினாள்.

மூன்று மணி நேரத்தில் நான் முடித்தது கோணல்மாணலாக ஒரு நாபெஷிகி. தாத்தா முடித்தது நாலு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் "பிளாஸ்டிக் வந்தது, கைவினை அழிந்தது, இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஊர்க் கைவினையைப் பற்றி எழுதினாலும் இந்த மூன்று வாக்கியத்தையும் எடுத்து ஒட்டிவிடுகிறீர்கள். அங்கே எங்கள் வகுப்பில் இளைஞர்கள் இருந்தார்கள். கற்றுக்கொடுக்கத் தாத்தா இருந்தார். இல்லாமல் போனது வைக்கோல். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டின தூரம் நெல்வயல், அந்த ஊரில் பின்னுவதற்கு வைக்கோல் இல்லை என்கிறேன், நம்புவீர்களா.

காரணம் அறுப்பு மிஷின். 1960களின் பிற்பகுதியிலிருந்து கம்பைன் அறுவடை இயந்திரம் ஊர் ஊராகப் பரவியது. அங்குள்ள மிஷின் நம் ஊர் மிஷின் மாதிரிப் பயிரை முழுசாக விழுங்காது, கதிரை மட்டும் உள்ளே வாங்கி மணியைப் பிரித்துக்கொள்ளும், தாள் வெளியே நிற்கும். அந்தத் தாளைப் பின்னால் இருக்கும் வெட்டுக்கத்தி விரல் நீளத்துக்கு நறுக்கி வயலிலேயே தூவிவிடும். மண்ணுக்கு உரம், ஆளுக்கு வேலை மிச்சம். நறுக்காமல் நீளமாகவே விடும்படி வைக்கவும் முடியும், ஆனால் பச்சைத் தாளைச் சேர்த்துக் கட்டி உலர்த்த ஆள் யார்? முன்பு கையால் அறுத்துக் கட்டி, மரச்சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் வெயிலில் காய வைப்பார்கள், ஹசா என்பார்கள், நெல்லும் காய்ந்தது, வைக்கோலும் பொன்னிறத்தில் காய்ந்தது. இன்று நெல்லுக்கு உலர்த்தும் மிஷின் வந்துவிட்டது. வைக்கோலுக்காக மட்டும் யாரும் சட்டம் கட்டுவதில்லை.

பயிரின் உயரமும் ஒரு காரணம். புயலில் சாயாமல் நிற்க வேண்டும் என்று குட்டை ரகங்களாகத் தேடிப் போனார்கள், விவசாயிக்கு அது நல்லது, பின்னுகிறவருக்குத் தாள் போதாது. பின்னுகிறவர்கள் நெட்டையான பழைய ரகத்தையும், ஒட்டும் அரிசி ரகத்தின் வைக்கோலையும்தான் விரும்புகிறார்கள், அது முறியாமல் வளையும். ஷிமெனாவா செய்கிறவர்கள் மணி பிடிப்பதற்கு முன்பே பச்சையாக அறுத்துவிடுகிறார்கள், அதாவது அந்த வயலில் அந்த வருடம் அரிசியே கிடையாது.

எங்கள் வகுப்புக்கு வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இதற்காகவே ஒரு சின்ன வயலில் தனியாக நட்டு, கையால் அறுத்து, சட்டம் கட்டி உலர்த்துகிறார்கள். அப்புறம் ஏன் ஒரு நாபெஷிகி அந்த விலை விற்காது? நீங்கள் "வெறும் வைக்கோலுக்கு இவ்வளவு விலையா என வியக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். வியக்க ஒன்றும் இல்லை, விலை பின்னுகிற மூன்று மணி நேரத்துக்கு மட்டும் இல்லை, நாற்று நட்டதிலிருந்து கணக்கு.

இன்னொன்று. கட்டுரை முழுக்க ஜென், எளிமை, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று தூவியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, கோபமாகவும் வந்தது. வருடத்தில் நாலைந்து மாதம் பனியில் அடைந்து கிடந்த, கையில் காசில்லாத குடியானவர்கள் செய்தது இதெல்லாம். செருப்பு வைக்கோல், மழைக்கோட்டு வைக்கோல், கயிறு வைக்கோல், மூட்டை வைக்கோல், ஏனென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருள் அது ஒன்றுதான். 1934இல் கோடை குளிர்ந்து விளைச்சல் பொய்த்து, வடகிழக்கே தோஹோக்கு வட்டாரத்தில் பெண் பிள்ளைகளை விற்கும் அளவுக்குப் பஞ்சம் வந்தது. அதற்கு முந்திய வருடம், 1933இல்தான், யாமகாத்தாவில் ஷின்ஜோ என்ற ஊரில் பனிப் பிரதேச விவசாயிகளின் வருமானத்துக்கு வழி தேட அரசு ஓர் ஆய்வு நிலையமே வைத்தது. குளிர்கால வைக்கோல் வேலையை விற்கும் சரக்காக மாற்ற முடியுமா என்று அங்கே பார்த்தார்கள். நாட்டார் கைவினைக்காக வாழ்ந்த யானகி சோஎத்சு, 1936இல் தோக்கியோவில் அதற்கென்று அருங்காட்சியகம் திறந்தவர், அவரும் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். 1940இல் அரசின் அழைப்பில் வந்த பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லோத் பெரியாந்த், சண்டிகரைக் கட்டிய லெ கொர்பூசியேயோடு வேலை பார்த்தவர், அந்த வைக்கோல் பின்னலைப் பார்த்துவிட்டுத் தன் சாய்வு நாற்காலிக்கு அதே முறையில் மெத்தை பின்னச் செய்தார். பட்டினியிலிருந்து தப்பிக்கப் பட்ட பாடு இது, தியானம் இல்லை.

அப்புறம், அந்தப் பக்கத்தின் கடைசிப் படம், பழுப்பு நிறத்தில் முட்டை வடிவில் பாத்திரம் தேய்க்கும் பிரஷ். அதையும் வைக்கோல் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். அது காமெனோகோ தவாஷி, "ஆமைக்குட்டி" என்று அர்த்தம், பார்த்தால் அப்படித்தான் இருக்கும். 1907இல் நிஷியோ ஷோஸாஎமோன் என்பவர் கண்டுபிடித்தது. அவர் செய்து விற்ற நார் மிதியடி மிதிபட்டுப் படுத்துப்போய் விலை போகாமல் கிடக்க, அதில் ஒரு துண்டை மனைவி வளைத்துப் பிடித்து ஜன்னல் சட்டத்தைத் தேய்ப்பதைப் பார்த்து யோசனை வந்தது என்பார்கள். அதில் ஒரு வைக்கோல்கூடக் கிடையாது, எல்லாம் நார். ஒரு வகைக்கு ஷுரோ என்ற பனையின் நார், நிறைய விற்கும் வகைக்கு இலங்கையிலிருந்து போகிற தென்னை நார். நாம் ஒரு கைப்பிடி தேங்காய் நாரைச் சுருட்டிப் பாத்திரம் தேய்த்தோம், அவர்கள் அதைக் கம்பியில் முறுக்கி ஆமை ஆக்கினார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது வாங்கப் போனால் ஏமாறாமல் இருக்க ஒன்று சொல்கிறேன். போன வருடம் தோழி ஒருத்திக்குக் கொடுக்கலாம் என்று ஓர் இணையக் கடையில், பெயர் வேண்டாம், "ஜப்பானியக் கைப்பின்னல் வைக்கோல் மணை" என்று போட்டிருந்ததை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்தது ஆகாயத்தாமரைத் தண்டில் பின்னியது. அமுக்கினால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, அகலப் பட்டை, கணுவே இல்லை. நெல் வைக்கோல் என்றால் ஓரத்தில் வெட்டின முனையைப் பாருங்கள், குழல் தெரியும், மேல்தோல் மினுங்கும், மூக்கருகே கொண்டு போனால் படப்பு வாசனை வரும். அந்தக் கடைக்காரருக்கு எழுதினேன், பதிலே இல்லை.

வாங்கின பிறகும் கவனம் வேண்டும். நான் செய்து கொண்டுவந்த அந்தக் கோணல் நாபெஷிகி ஐப்பசி அடைமழையில் அலமாரிக்குள் கிடந்து பூசணம் பூத்துவிட்டது. அங்கே குளிரும் அடுப்புப் புகையும் காத்துக்கொடுத்தது, இங்கே அது நடக்காது. தண்ணீரில் கழுவக் கூடாது, ஈரமானால் உடனே வெயிலில் போட வேண்டும், எப்போதும் காற்றுப் படும்படி ஆணியில் தொங்க வேண்டும். ஜப்பான்காரர்கள் அதற்குக் காது வைத்துப் பின்னுவது இதற்காகத்தான், நான் என்னுடையதை அழகாக மடித்து உள்ளே வைத்தேன், புத்தி.

சரி, போனது போகட்டும் என்று இந்தத் தை அறுப்புக்குப் புதிதாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று எங்கள் வயல்காரரிடம் வைக்கோல் கேட்டேன். ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார், எல்லாம் மிஷின் மென்று துப்பினது, பாதி கூளம், ஒரு தாள்கூட முழுசாக இல்லை. மாடே முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்று அவரும் சொன்னார். அப்போதுதான் அந்தத் தாத்தா சொன்னது ஞாபகம் வந்தது. மிஷின் உள்ளே இறங்கித் திரும்புவதற்காக வயலின் நாலு மூலையையும் முதலில் அரிவாளால் அறுத்துவிடுவார்கள், வீட்டுக்கு வைக்கோல் வேண்டும் என்கிற கிழவிகள் அந்த மூலைகளைத்தான் கேட்டு வைப்பார்களாம். எங்கள் வயலிலும் மூலை உண்டே. மறுநாள் பக்கத்து வயலில் மிஷின் இறங்குவதற்கு முன்னால் போய் நின்றேன், "என்னக்கா, மூலைக்கு வந்து நிக்கீக?" என்று கேட்டுச் சிரித்தார்கள், ஆனால் நாலு மூலையும் கொடுத்தார்கள். ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மொட்டைமாடியில் காயப்போட்டு, தோகை கழற்றி, அம்மிக்கல்லில் வைத்து அடித்துப் பின்னினேன். இதுவும் கோணல்தான், போனதைவிடக் கொஞ்சம் குறைவு. இப்போது குக்கர் அதன் மேல்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு திருத்தம் போட்டால் கோரை என்ற சொல்லையாவது மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அம்பாசமுத்திரம்.